ஏணைக்குக் கீழே ஒரு சாக்கு

கொக்கட்டிச்சோலை
2024 ஜூலை 4

சுதாகரனுக்கு,

சூறாவளி அடித்துத் தென்னைகளெல்லாம் தலையில்லாமல் நின்ற வருசம் அது. பள்ளிக்கூடத்துத் தகரம் பறந்து வாவிக்குள் விழுந்தது. நிவாரணத்துக்குக் கோதுமை மா தந்தார்கள், மூன்று மாதம் ரொட்டியே தின்றோம். அந்த வருசத்து ஆவணிக்குப் பிறகு நீயும் நானும் ஒரே பாயில் இருந்து சோறு தின்னவில்லை. நாற்பத்தாறு வருசமாகிறது. இப்போது எனக்கு எதற்குப் பார்சல்?

இதை எழுதுகிறவள் ஏறாவூர் றஸீனா. மஜீட் காக்காவின் மகள், தையல்காரி. எனக்கு எழுத்துத் தெரியாதது உனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவரிடம் சொல்லி எழுதினால் பொழுதுபடுமுன் ஊரே வாசித்துவிடும். அதனால் பஸ் ஏறி இங்கே ஏறாவூருக்கு வந்திருக்கிறேன். போனில் கதைக்கலாமே என்பாய். காது இரண்டும் மந்தம். போனில் கேட்பதெல்லாம் உரலுக்குள் வண்டு இரைகிற மாதிரித்தான்.

பார்சலுக்குள் கடிதம் இல்லை. உரித்த தேங்காய் அளவில் ஒரு பை. வாயை அவிழ்த்ததும் உள்ளே இருந்தது பொங்கிக்கொண்டு வெளியே வந்தது. போர்வை. கையில் தூக்கினால் பாரமே இல்லை. தூவி அடைத்தது என்று றஸீனா தடவிப் பார்த்துச் சொன்னாள். வாத்தின் நெஞ்சில் இருக்குமே, அந்தப் பூ மாதிரி இறகு.

நான் இன்னும் சிறுபோகத்துக்கு வயல் வட்டைக்குக் காவல் போகிறேன். வயலில் யானை இறங்குகிறது. நிலத்தில் படுத்தால் பாம்பு. அதனால் அந்த நாளில் போலவே இரண்டு மருத மரத்துக்கு நடுவில் வலை ஏணை கட்டித்தான் படுக்கை. உன் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்திப் படுத்தேன். நெஞ்சு வேர்த்து ஒழுகியது. முதுகு குளிர்ந்து விறைத்தது. விடிய எழும்பி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அடுத்த காவல் வாடிக்காரன் ஜிப்ரி சிரித்தான்.

“என்ன அப்பா, மாப்பிள்ளைக்குப் பஞ்சு மெத்த வந்திருக்காம். பொண்ணு எப்ப வாறா?”

“நீ போய் உன்ட ஆனையப் பாருடா மனே” என்றேன்.

அது கிடக்கட்டும். போர்வையின் ஓரக் கயிற்றில் ஒரு மயிர் சிக்கியிருந்தது. நீளமான வெள்ளை மயிர். இது புதுச் சாமானா, இல்லாவிட்டால் யாரும் பாவித்ததா? அதை மட்டும் எழுது.

நல்லரத்தினம்


ஒஸ்லோ
2024 ஜூலை 23

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மகள் மேனுகா தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தபோது, இலங்கை முத்திரையைப் பார்த்து நின்றபடியே பிரித்தேன். பார்சலோடு வைக்க நாலு தரம் கடிதம் எழுதினேன், நாலையும் கிழித்தேன். கடைசியில் சாமானை மட்டும் அனுப்பினேன். பிழைதான்.

அது உங்கள் தங்கச்சி புஸ்பத்தின் போர்வை.

கோபப்படாமல் கேளுங்கள். இங்கே கோடைக்குக் காட்டு ஏரிக்கரைகளில் போய், மரத்துக்கு மரம் ஏணை கட்டிப் படுப்பார்கள். பொழுதுபோக்குத்தான். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி எங்கள் மகள் மேனுகா எங்களையும் அழைத்துப் போனாள். புஸ்பம் ஏணையைக் கண்டதும் தள்ளி நின்றாள். உங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மேனுகா ஏணையைக் கட்டி, அதற்குக் கீழே இந்தப் போர்வையைக் கொழுவினாள். மேலே போர்த்துவதற்கல்ல, மச்சான். கீழே கட்டுவதற்கு. ஏணைக்குள் விரித்துப் படுத்தாலும் நம்முடைய பாரத்தில் முதுகுப் பக்கம் நசிந்துபோகும், காற்று கீழால் வந்து உடம்புச் சூட்டைக் களவெடுத்துவிடும். கீழே நசியாமல் தூவி தொங்கினால் சூடு நிற்கும். கோடைக்கென்றே மெல்லிதாகச் செய்தது, அரைக் கிலோவும் இல்லை.

புஸ்பம் கிட்டப் போய்க் கையைக் கீழே விட்டுத் தடவினாள். “இது மஜீட் காக்காட சாக்கெல்லுவா?” என்றாள். பிறகு நிலத்தில் இருந்து அழுதாள். அவள் அப்படிச் சத்தம் வைத்து அழுது நான் கேட்டது அதுதான் இரண்டாவது தரம்.

அதற்குப் பிறகு ஒரு கோடை தவறவில்லை. மேனுகா வராவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் போவோம். படுக்குமுன் ஒவ்வொரு நாளும் கீழே கையை விட்டுப் பார்ப்பாள். என்னுடையதையும் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். போன வருசம் படுக்கையில் விழுந்து, கண் மூடுமுன், “அண்ணன் இன்னும் வட்டையிலதான் படுக்கிறாராம். என்ட போர்வய அவருக்கு அனுப்புங்க, அவர்ர முதுகுக்கு” என்றாள். கல்லில் அடித்துத் துவைக்க வேண்டாம், தூவி கட்டிபட்டுவிடும். வெயிலில் உதறிப் போட்டால் போதும்.

இனி, நான் நாலு தரம் எழுதிக் கிழித்த விசயம். எனக்கு ஒக்டோபர் பதினாறாம் திகதி நெஞ்சில் சத்திரசிகிச்சை. திரும்பி எழும்பலாம், எழும்பாமலும் விடலாம். அதற்கு முந்தி எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த ஆவணியில், களத்தில் எருமை விட்டுச் சூடு மிதித்த அன்று, எங்கள் பிள்ளை பிரதீஸ் படுத்த ஏணைக்குக் கீழே நான் சாக்கைக் கட்டினேனா, இல்லையா? கட்டினதாக என் கை சொல்கிறது. செத்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் நீங்கள் சொன்னீர்கள்: “இவன் சாக்கக் கட்டல்ல. நான் பொழுதுபடப் பார்த்தன், கீழ ஒண்டும் இல்ல.” உங்கள் ஞாபகம் ஒரு நாளும் பிசகியதில்லை. அதனால் என் கையை நான் நம்பாமல் விட்டேன். ஏழு மாதப் பிள்ளையைக் குளிருக்குக் கொடுத்த தகப்பன் என்றே இத்தனை காலமும் இருந்துவிட்டேன்.

இன்னொரு தரம் சொல்லுங்கள்.

சுதாகரன்


கொக்கட்டிச்சோலை
2024 ஓகஸ்ட் 19

சுதாகரனுக்கு,

செத்த ஆளின் பாயும் தலையணையும் போர்வையும் பாடையோடு போக வேண்டியவை. நீ வெள்ளைக்காரன் ஊரில் இருந்து அதை மறந்துபோனாய். தங்கச்சி படுத்த படுக்கையை எனக்கு அனுப்பியிருக்கிறாய், நானும் தெரியாமல் ஒரு கிழமை போர்த்திப் படுத்திருக்கிறேன். கடிதத்தை றஸீனா வாசித்துச் சொன்ன அன்றே அதைக் கொண்டுபோய் வேலியில் போட்டேன். வீட்டுக்குள் எடுக்கவில்லை. அமாவாசைக்குக் கொண்டுபோய் வாவிக்கரையில் கொளுத்துவேன்.

ஆவணியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஆவணி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை. சூடு மிதிக்க மிசின் கிடைக்கவில்லை என்று ஏறாவூர் மஜீட் காக்காவின் எருமைகளைக் கேட்டோம். எட்டு எருமை கொண்டுவந்தார். நடுவில் நின்றது கொம்பு முறிந்த கிழவி, அதற்கு ராணி என்று பெயர். களத்தில் நின்றது வயல் காரியம் பார்க்கிற வட்டைவிதானை சாமித்தம்பி, மஜீட் காக்கா, நீ, நான். சமைக்கத் தங்கச்சி வந்தாள். பிள்ளைக்குச் சளி, வீட்டில் விட்டுவிட்டு வா என்று நான் சொன்னேன். பால்குடிப் பிள்ளையை எங்கே விடுகிறது என்று நீ சொன்னாய். மத்தியானம் கோரளை மீனும் மாங்காயும் போட்டுச் சொதி. நீ இரண்டு தரம் வாங்கித் தின்றாய்.

மஜீட் காக்காதான் பிள்ளைக்கு ஏணை கட்டினார், களத்து ஓரம் இரண்டு மருதைக்கு நடுவில். மேலே மறைப்புக்குப் படங்குத் துணி இழுத்தார். மாட்டுக்காரர் படுக்கிற முறையைக் காட்டினார்: ஒரு சாக்குக்குள் வைக்கோலைத் தளர்த்தியாக அடைத்து ஏணைக்குக் கீழே தொங்க விடுகிறது. “மேல எவ்வளவு போர்த்தாலும் காத்து கீழாலதான் தம்பி களவெடுக்கும்” என்றார். உன் கடிதத்தில் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருக்கிறாய். அது இந்த வட்டையில் எருமை மேய்த்தவர்களுக்குத் தெரிந்த விசயம்.

பொழுதுபடக் கச்சான் காற்று திரும்பியது. மேற்கே கறுத்தது. விடிய விடிய மழையும் காற்றும். காலையில் பிள்ளைக்கு இழுப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மண்முனைத் துறையில் தோணி ஏறினோம். நடு வாவியில் தங்கச்சி ஒரு சத்தம் போட்டாள்.

அதற்கு மறுகா நடந்தது உனக்குத் தெரியும்.

நல்லரத்தினம்


ஒஸ்லோ
2024 செப்ரெம்பர் 8

அன்புள்ள மச்சானுக்கு,

எருமையின் பெயர் எழுதியிருக்கிறீர்கள். நான் எத்தனை தரம் சோறு தின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாக்கை அடைக்கிற முறைகூட இருக்கிறது. அதைக் கட்டியது யார், கட்டினதா இல்லையா என்பது மட்டும் இல்லை. கடிதத்தை ஆறு தரம் வாசித்தேன்.

நான் வழக்குப் பேச வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் யாரை வெல்லப் போகிறேன்? கட்டவில்லை என்றால் கட்டவில்லை என்று எழுதுங்கள், அதைச் சுமந்துகொண்டு போகிறேன். பழகிய பாரந்தான்.

இன்னொன்றை இத்தனை காலமும் நான் அறியவில்லை. புஸ்பம் கடைசிக் கிழமையில்தான் சொன்னாள். அன்று நாங்கள் தங்கிய வாடிக் குடிசை ஒழுகத் தொடங்கியபோது பிள்ளையைத் தூக்கி வரவா, ஏணையிலேயே விடவா என்று யோசித்தாளாம். பெண்கள் களத்துக்குள் வரக் கூடாதே, தள்ளி நின்று உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாளாம். “சாக்கு இருக்காண்டு கேட்டன். அண்ணன் இருக்கெண்டார்” என்றாள். பிறகு, “ஆனா அண்ணன் அப்ப களத்துக்க நிண்டவர்” என்றாள். நான் என்ன என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நாள்தான் அந்தப் போர்வையை உங்களுக்கு அனுப்பச் சொன்னாள்.

இதற்கு அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. நான் கடைக்காரன் மகன், களத்து முறைகள் எல்லாம் தெரியாது. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

போர்வையை எரித்துவிட்டீர்களா?

பதினாறாம் திகதி காலை எட்டு மணிக்குக் கொண்டுபோகிறார்கள்.

சுதாகரன்


ஏறாவூர்
2024 செப்ரெம்பர் 26

மச்சான் சுதாகரன்,

போர்வையை எரிக்கவில்லை. அமாவாசைக்குக் கொண்டுபோனேன், நெருப்புப் பெட்டியும் கொண்டுபோனேன். வேலி முள்ளில் கிழிந்த இடத்தால் தூவி ஒவ்வொன்றாகப் பறந்து வாவித் தண்ணீரில் விழுந்தது, விழுந்தும் தாழவில்லை. திரும்பிக் கொண்டுவந்துவிட்டேன். கிழிசலை றஸீனா தைத்தாள். அப்போதும் வீட்டுக்குள் எடுக்கவில்லை, வாடியில் தொங்கவிட்டேன்.

உன் கடிதத்தை முந்தநாள் இவள் வாசித்தாள். “அண்ணன் களத்துக்க நிண்டவர்” என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டேன். இன்றைக்குத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நீ கட்டினாய்.

மஜீட் காக்கா காட்டிக்கொடுத்தார், நீ கட்டினாய். நாலு மூலையும் இறுக்கி, பிள்ளையின் முதுகுக்கு நேரே ஒரு சாண் இடைவெளி விட்டு. சரிதானா என்று கேட்டாய். காக்கா கையை விட்டுப் பார்த்து, “ம், இனி ராசாதான்” என்றார். பிள்ளை சிரித்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

மேற்கே கறுத்தபோது விதைநெல் குவியல் மூடாமல் கிடந்தது. படங்கு முழுவதையும் ஏணைக்கும் பொலி நெல்லுக்கும் என்று ஒதுக்கியாயிற்று. வெறும் சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த பெரும்போகத்துக்கு வைத்த நெல். நனைந்தால் முளைத்துவிடும், ஒரு வருசம் வயிறு காயும். நான் போய் அந்தச் சாக்கை அவிழ்த்தேன். வைக்கோலைக் கொட்டினேன். விதைநெல்லை மூடினேன். நீ அப்போது எருமைக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாய். காக்கா கண்டார்.

“தம்பி, அது புள்ளட சாக்கு” என்றார்.

“வேற ஒண்டு கொண்டந்து கட்டுறன் காக்கா” என்றேன்.

திரும்பக் களத்தில் ஏறினேன். அந்த நேரந்தான் தங்கச்சி கூப்பிட்டாள். வாடிப் பக்கம் நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.

“அண்ணோய், வாடி ஒழுகுது. ஏணைக்குக் கீழ சாக்கு இருக்கா? இருந்தா புள்ள அங்கயே கிடக்கட்டும்.”

உனக்குத் தெரியாது என்கிறாய், சொல்கிறேன். சூடு மிதிக்கும்போது களத்துக்குள் நிற்கிறவன் ‘இல்லை’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் பொலி அற்றுப்போகும் என்பது எங்கள் முறை. தண்ணீர் முடிந்தாலும் நிறைந்து கிடக்கு என்றுதான் சொல்லுவோம். அப்பா அப்படித்தான் பழக்கினார். என் வாய் யோசிக்காமல் சொல்லிற்று: “இருக்கு கா தங்கச்சி, நிறைஞ்சு கிடக்கு.”

அவள் போய்விட்டாள்.

களத்திலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்திருந்தால் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். முறை அதைத் தடுக்கவில்லை. எருமையை அவிழ்த்த பிறகு சொல்லுவோம் என்று நின்றேன். அவிழ்க்குமுன் மழை வந்துவிட்டது. பொலியை இழுத்து மூடுகிற அவதியில் மறந்தேன். இவ்வளவும் பிழை. ஆனால் பிழை செய்கிறவன் மனிசன்தான் என்று என்னை நானே விட்டிருப்பேன்.

செத்த வீட்டில் செய்தது வெறும் பிழையல்ல, துரோகம். எல்லோரும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். தங்கச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். அவள் வாய் திறக்குமுன் என் வாய் திறந்தது. கீழே ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது உண்மை, பார், அதில்கூடப் பொய்யில்லை. அவிழ்த்த என் கையை மறைத்து, கட்டின உன் கையைக் கட்டாத கையாக்கினேன். நீ உன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாய். அது என் கண்ணிலிருந்து போகவில்லை.

அந்த விதைநெல்லும் முளைக்கவில்லை. கார்த்திகையில் சூறாவளி கொண்டுபோயிற்று.

மஜீட் காக்கா படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, “அத நான் சொல்ல மாட்டன். நீயாச் சொல்லணும், சொல்லிடு” என்றார். ஓம் என்று கையைப் பிடித்தேன். பதின்மூன்று வருசம் போய்விட்டது. இவ்வளவையும் எழுதிக்கொண்டு வந்த றஸீனா இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டாள். “வாப்பாட பேரும் வருது. இதயும் எழுதவா அப்பா?” என்று கேட்டாள். எழுது புள்ள என்றேன். கண்ணைத் துடைத்துவிட்டு எழுதுகிறாள்.

தங்கச்சிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. களத்தில் நிற்கிறவன் ‘இல்லை’ சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும், அவளும் இந்த வட்டையில் பிறந்தவள். எந்த வருசம் அவளுக்கு அது தட்டுப்பட்டது என்று தெரியவில்லை. தட்டுப்பட்ட பிறகும் உனக்கும் சொல்லவில்லை, என்னையும் கேட்கவில்லை. என் முதுகுக்குப் போர்வை அனுப்பியிருக்கிறாள்.

நேற்று நீ சொன்ன மாதிரி அதை ஏணைக்குக் கீழே கட்டிப் படுத்தேன். செத்தவரின் படுக்கை என்று தெரிந்துதான் படுத்தேன். ஏறுமுன் கீழே கையை விட்டுப் பார்த்தேன். கச்சான் அடித்தது. முதுகில் ஏறவில்லை. சூடாக இருந்தது மச்சான். இவ்வளவு மெல்லிய சாமான். அந்த வைக்கோல் சாக்கும் இப்படித்தான் அந்தப் பிள்ளையை வைத்திருந்திருக்கும். விடியும்வரை நான் கண் மூடவில்லை.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை. உன் கை பொய் சொல்லவில்லை, அது உனக்குத் தெரிந்தால் போதும். இந்தக் கடிதத்தை நானே ரெஜிஸ்தர் தபாலில் போட்டு, ரசீதுத் துண்டை வாங்கி மடியில் முடிந்துகொண்டுதான் பஸ் ஏறுவேன். பதினாறாம் திகதிக்கு முந்தி உன் கையில் சேர வேண்டும். மேனுகாவுக்கும் வாசித்துக் காட்டு. அவளுடைய அண்ணன் எப்படிப் போனான் என்று அவள் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும். சத்திரசிகிச்சை முடிந்து எழும்பினால், மனம் வந்தால், வா. இரண்டு மருதையும் நிற்கின்றன. வராவிட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

அன்று அந்தக் களத்தடியில் நின்ற பெரிய ஆட்கள் ஐந்து பேர். பெருவெள்ளம் வந்து வட்டையெல்லாம் வாவியாய்க் கிடந்த வருசம் மஜீட் காக்கா போனார். மண்முனைப் பாலம் திறந்த வருசம் சாமித்தம்பி விதானை போனார். போன ஐப்பசியில் தங்கச்சி போனாள். என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதே. நான் அவிழ்த்தவன், எழுபத்தாறு வயதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்தவன். அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்காமல் அங்கே நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள். சாக்கைக் கட்டின ஆள். பிரதீசின் தகப்பன், சுதாகரன்.